மண்ணின் பொறுமையும் மனிதனின் பொறுப்பும்

பொறுமைக்கு உவமை தேடிய நம் முன்னோர் நிலத்தையே கண்டனர். வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமை அதிகாரத்தை நிலத்தை முன்னிறுத்தியே தொடங்குகின்றார். தன்னைத் தோண்டுபவனையும் நிலம் தாங்கி நிற்கின்றது. அதுபோல் மனிதனும் தன்னை இகழ்பவனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்குச் சொல்லப்படும் அறம். இவ்வுவமையை வகுப்பறையில் விளக்காத தமிழாசிரியர் ஒருவரும் இரார். மாணவரும் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். எனினும் உவமையாக வந்த பொருளைப் பற்றி நாம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நிலம் எதுவரை பொறுக்கும்? அதன் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டா? உண்டெனில், அந்த எல்லை கடக்கப்பட்டதற்கு யார் பொறுப்பு? மலைச்சரிவுகளை அறுத்துச் செல்லும் நீரரிப்புப் பள்ளங்களை முன்வைத்து இக்கேள்வியை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை ரெங்கத்திலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இரயில் நிலையமும் சில கடைவரிசைகளும் சுற்றிலும் தோட்டங்களுமாக அமைந்த இச்சிற்றூரின் பெயர், மலேசிய மண்ணியல் நூல்களைப் படிப்போர் அனைவருக்கும் பழக்கமானது. கருங்கற் பாறை பல்லாயிரம் ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உருவான, ஆழமான, பருமணல் கலந்த களிமண் வகைக்கு மண்ணியலார் ‘ரெங்கம் வரிசை மண்’ என்று பெயரிட்டுள்ளனர். ஜொகூரில் மட்டுமின்றி, தீபகற்பத்தில் கருங்கற் குன்றுகள் உள்ள பல இடங்களிலும் இம்மண் பரந்து கிடக்கின்றது. இரப்பருக்கு ஏற்ற மண். செம்பனைக்கும் ஏற்ற மண். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து காடழித்து மரம் நட்ட மண்ணில் பெரும்பகுதி இத்தகையதே. நீர் இதனுள் நன்கு இறங்கும். ஆனால் மேற்போர்வையை உரித்து, சரிவில் வெறுமையாக விட்டுவிட்டால், ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் நம் நாட்டு மழை இதனை எளிதில் வாரிச் செல்லும்.

மண் அரிப்பு மூன்று படிகளில் நிகழ்கின்றது. முதற்படியில், வெற்று நிலத்தின்மேல் விழும் மழைத்துளி மண்மணியைச் சிதறடிக்கின்றது. மெல்லிய நீர்ப்படலம் அதனைச் சுமந்து செல்கின்றது. நிலம் முழுவதும் ஒரு தாள் கனம் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டாம் படியில் அந்நீர் சிறுசிறு சால்களாகக் கூடுகின்றது. ஏரோட்டியோ மண்வெட்டியால் இழுத்தோ இச்சால்களை மூடிவிடலாம். மூன்றாம் படிதான் பள்ளம். பல சால்களின் நீர் ஓரிடத்தில் ஒன்றுகூடி, சரிவின் செங்குத்தும் நீரின் அளவும் ஒரு வரம்பைத் தாண்டும்போது, நிலம் திடீரெனப் பிளக்கின்றது. அதன்பின் மண்வெட்டி பயன்படாது. ஆளின் இடுப்பளவு இருந்தது தலையளவாகும். தலையளவு இருந்தது ஒரு வீட்டையே விழுங்கும்.

பள்ளம் வளரும் முறை வியப்புக்குரியது. நீர் கீழ்நோக்கி ஓடுகின்றது; பள்ளமோ மேல்நோக்கி வளர்கின்றது. பள்ளத்தின் தலைப்பகுதியில் நீர் ஒரு சிற்றருவிபோல் விழுகின்றது. விழும் நீர் அடிமண்ணைக் குடைகின்றது. அடிமண் போனதும் மேல்மண் தாங்குவாரின்றிச் சரிகின்றது. அருவி ஓரடி பின்வாங்குகின்றது. அடுத்த மழையில் இன்னும் ஓரடி. இவ்வாறு பள்ளத்தின் வாய், நீர் எங்கிருந்து வந்ததோ அத்திசையை நோக்கி ஊர்ந்து ஏறுகின்றது. மண் என்னும் செல்வம் கீழே இருப்பவனின் ஆற்றையும் வயலையும் தூர்க்கப் போய்விடுகின்றது. பள்ளம் என்னும் கேடு மேலே இருப்பவனைத் தேடி வருகின்றது. காரணத்திலிருந்து பிறந்த விளைவு, காரணத்தின் வீட்டுக்கே திரும்பி நடந்து செல்லும் இக்காட்சியை வினைப்பயன் பற்றி எழுதிய நம் சமயவாணர்கள் எவரேனும் அருகில் நின்று பார்த்திருந்தால், உவமைப் பஞ்சம் அவர்களுக்கு வந்திராது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. வினை செய்தவன் ஒருவனாக இருந்தால் அறக்கணக்கு எளிது. பள்ளத்துக்கோ குற்றவாளி எவனும் அகப்படுவதில்லை. எந்த மழைத்துளியும் பள்ளத்தைத் தோண்டவில்லை. சரிவில் நேர்க்கீழாக ஒற்றையடிப்பாதை போட்டவர்கள் நடந்தார்கள், அவ்வளவே. மேட்டில் புல்லைச் செதுக்கியவன் தன் நாட்கூலிக்கான வேலையைச் செய்தான். கான் வெட்டியவன் தேங்கிய நீரை வெளியேற்றினான். சாலை போட்டவன் அதன் நீரைக் குழாய்வழியாக ஒரே இடத்தில் சரிவில் விட்டான். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் குற்றமற்றது, சில பாராட்டத்தக்கவையுங்கூட. இவை அனைத்தும் கூடியபோது மலை பிளந்தது. நூறு பேர் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினால், குன்று போனதற்கு நூற்றில் ஒரு பங்குக் குற்றந்தான் ஒவ்வொருவருக்கும் என்று சொல்லிவிடலாமா? அவ்வாறு வகுத்துக்கொண்டே போனால் பொறுப்பு பூச்சியமாகிவிடும்; பள்ளம் மட்டும் அப்படியே இருக்கும்.

நம் தோட்ட வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் ‘புல் பூண்டின்றிச் சுத்தமாக வைத்தல்’ என்பதே விதி. பால்மரத்தின் அடியில் ஒரு பச்சை இலைகூட இருத்தலாகாது. களை உரத்தைத் தின்றுவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அழகுணர்ச்சியும் அதில் கலந்திருந்தது. கூடத்தைப் பெருக்கி வைத்ததுபோல் தோட்டம் காட்சியளித்தால்தான் நல்ல துரை, நல்ல கங்காணி என்ற பெயர் கிடைக்கும். இதற்காகவே ஆயிரக்கணக்கான நம் மக்கள், பெரும்பாலும் பெண்கள், நாளெல்லாம் குனிந்து களைகொத்தினர். தோட்ட வேலையில் மூத்த பெரியவர் ஒருவரிடம் இதுபற்றி ஒருமுறை கேட்டேன். “செதுக்கிச் செதுக்கி நாங்க வழிச்சி வெச்சோம் சார், வழிச்சதை மழை வந்து அள்ளிக்கிட்டுப் போச்சு. ஏன்னு கேக்க எங்களுக்கு வாயில்லே, எங்களுக்கு மேலே உள்ளவங்களுக்குக் கண்ணில்லே” என்றார். இதைவிடச் சிறப்பாக அக்காலத்தைச் சொல்ல என்னால் இயலாது.

அதே காலத்தில் சிறு தோட்டக்காரர்கள், மலாய்க்காரரும் சீனரும், மரங்களை நெருக்கி நட்டு அடியில் புல்லும் புதரும் வளர விட்டிருந்தனர். அவர்களைச் சோம்பேறிகள் என்றும் ஒழுங்கு தெரியாதவர்கள் என்றும் பெருந்தோட்டத்தார் இகழ்ந்தனர். ஆனால் மண் தங்கியிருந்தது சோம்பேறியின் நிலத்தில்தான். இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்ணியலாளர் ஹெயின்ஸ் 1930களில் தோட்டங்களில் இயற்கையாக முளைக்கும் அடிச்செடிகளை அழிக்காமல், கட்டுப்படுத்தி வளர்க்கும் முறையை வற்புறுத்தி எழுதினார். பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் போன்ற அவரையினக் கொடிகளை மூடுபயிராகப் பரப்பும் வழக்கமும் நிலைபெற்றது. இன்று மறுநடவு செய்யப்படும் தோட்டங்களில் நிலத்தை மூடிப் படர்ந்திருக்கும் அக்கொடிகளை நாம் அன்றாடம் காண்கின்றோம். ஒரு தலைமுறை களையென்று கொத்தி எறிந்ததை மறுதலைமுறை விதை வாங்கித் தூவுகின்றது.

சுத்தம் ஒரு நற்பண்பு என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் ஒரு நற்பண்பு, தான் எதன்பொருட்டு இருக்கின்றது என்பதை மறந்து தனக்காகவே வாழத் தொடங்கும்போது தீமையாகின்றது. (இதனை எழுதும்போது நம் பள்ளித் திடல்கள் நினைவுக்கு வருகின்றன. மண் தெரியப் பெருக்கிய முற்றமே பலர் கண்ணுக்கு நல்ல முற்றம். மாணவர்கள் காலையில் பெருக்கிக் குவிக்கும் சருகு, திடலின் மேல்மண்ணைக் காத்த சருகு என்பதைக் கண்காணிப்பு ஆசிரியர்கள் சற்று எண்ணிப் பார்க்கலாம்.)

அறியாமல் செய்த பிழைக்குப் பழி இல்லை என்பர் சிலர். அறியாமை உண்மையாக இருக்கும்வரை அவ்வாதம் செல்லும். ஆனால் மலாயாவில் அறியாமை நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஈயச் சுரங்கங்களிலிருந்தும் வெட்டவெளியான நிலங்களிலிருந்தும் வந்த வண்டல் ஆறுகளை அடைத்தது கண்டு, கூட்டு மலாய் மாநிலங்களில் 1917ஆம் ஆண்டிலேயே வண்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பிறந்தும் சிலாங்கூரின் பழைய கோலகுபு நகரம் பிழைக்கவில்லை. 1883இல் அங்கிருந்த அணை உடைந்து உயிர்களைக் குடித்தது. பின்னர் ஆற்றுப்படுகை வண்டலால் ஆண்டுதோறும் உயர, 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் ஊரையே கைவிட முடிவு செய்தனர். 1930ஆம் ஆண்டையொட்டி மேட்டில் எழுந்த புதிய ஊரே இன்றைய கோலகுபு பாரு. பழைய ஊர் இருந்த இடத்துக்கு அம்பாங் பெச்சா என்று பெயர். உடைந்த அணை என்பது அதன் பொருள். மேலே மண்ணைக் கலைத்து ஈயம் எடுத்தவர்கள் செல்வந்தராயினர். கீழே கடை வைத்திருந்தவர்கள் ஊர் மாறினர்.

நம் காலத்துச் சான்று வேண்டுமெனில் கேமரன் மலைக்குச் செல்லலாம். மின்சாரம் எடுக்க 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில், மேலேயுள்ள சரிவுகளில் காய்கறிக்காகவும் கட்டடங்களுக்காகவும் நிலம் திறக்கப்பட்டதன் விளைவாக, வண்டல் மலைபோல் சேர்ந்தது. அள்ள அள்ள மீண்டும் சேர்கின்றது. வண்டல் பிடித்துக்கொண்ட இடத்தில் வெள்ளம் தங்க இயலாதன்றோ! 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பெருமழையில், அணையைக் காக்க நள்ளிரவு வேளையில் நீர் திறந்துவிடப்பட, கீழேயிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் வீடுகளும் போயின. அன்று இறந்தவர்களின் மரணத்துக்கு மேலே முட்டைக்கோசு நட்டவன் பொறுப்பா? அவன் அனுமதியின்றி நிலம் திறந்ததைப் பார்த்தும் பாராதிருந்தவன் பொறுப்பா? மலிவாகக் காய்கறி வேண்டும் என்று கேட்கும் நகரத்து நாம் பொறுப்பா?

இங்கேதான் வரைபடம் என்னும் எளிய கருவியின் அறச்சிறப்பு விளங்குகின்றது. மண் அரிப்பை மதிப்பிட அமெரிக்க அறிஞர்கள் விஷ்மையரும் ஸ்மித்தும் 1965இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டு, 1978இல் திருத்தினர். உலகெங்கும் பயன்படும் அச்சமன்பாட்டில் மழையின் வலிமை, மண்ணின் தன்மை, சரிவு, போர்வை, காப்புமுறை யாவும் உண்டு. ஆனால் அது படல அரிப்புக்கும் சால் அரிப்புக்குமே உரியது. பள்ளம் அதன் கணக்கில் வராது. பள்ளத்தை நேரில் கண்டுதான் குறிக்க வேண்டும். வானிலிருந்து எடுத்த நிழற்படங்களை இரண்டிரண்டாக வைத்து மேடுபள்ளம் காண்பது பழைய முறை. துணைக்கோள் படங்களும், ஆளில்லாச் சிறு விமானங்களும், இலைக்கூரையின் இடைவெளிகளினூடே தரையை அளக்கும் லேசர்க் கருவிகளும் இக்கால முறைகள். கருவி எதுவாயினும் செய்யவேண்டியவை அடிப்படையில் ஒன்றே. பள்ளத்தின் தலை எங்குள்ளது என்று குறித்தல். அத்தலைக்கு நீர் வந்து சேரும் பரப்பின் எல்லையை வரைதல். அடுத்த மழைக்காலத்தின்பின் மீண்டும் வந்து அளந்து எவ்வளவு நகர்ந்தது என்று காணல்.

இதற்குப் பெரிய கருவிகள் இன்றியும் தொடங்கலாம். முளைக்குச்சிகள், அளவு நாடா, கயிறு, நீர்மட்டக் குழாய் இவை போதும். எங்கள் மாணவர்கள் சிலர் பள்ளிக்குப் பின்னாலுள்ள சரிவில் ஒரு சிறு பள்ளத்தை இவ்வாறு அளந்தனர். பள்ளத்தின் தலையிலிருந்து சில அடி தள்ளி வரிசையாக முளைகளை அடித்து, மழைக்குப்பின் ஒவ்வொரு முறையும் முளைக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் குறிப்பேட்டில் எழுதினர். அவர்களை உண்மையில் திகைக்கவைத்தது எண்கள் அல்ல. நீர் வரும் பரப்பின் எல்லையை நடந்து வரைந்தபோது, அக்கோடு பள்ளியின் வேலியைக் கடந்து, தோட்டத்தின் எல்லைக்கல்லைக் கடந்து, சாலையையும் கடந்து சென்றது. நில அலுவலக வரைபடத்தில் மனிதனின் உரிமைக்கோடுகள் உண்டு. நீரின் கோடு அதில் இல்லை. மழைநீர் எந்தப் பட்டாவையும் படித்துப் பார்த்து ஓடுவதில்லை.

வரைபடம் வரைந்தபின் ‘எனக்குத் தெரியாது’ என்னும் சொல் செல்லாக்காசாகிவிடுகின்றது. பள்ளத்தின் தலைக்கு நீரை அனுப்பும் ஒவ்வொரு துண்டு நிலமும் அதில் தெரிகின்றது. ஆகவே பொறுப்பைத் தலைக்கு இத்தனை என்று எண்ணி வகுத்தல் தவறு என்பது என் கருத்து. சரிவில் யார் எங்கே நிற்கின்றார், நீரைத் திருப்பும் ஆற்றல் யாரிடம் இருக்கின்றது என்பதைக் கொண்டே அதனை அளத்தல் வேண்டும். களைகொத்திய பெண்ணுக்கு நீரைத் திருப்பும் ஆற்றல் இல்லை. கொத்தச் சொன்னவனுக்கு இருந்தது. இதனைப் பதவிகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் மண் ஆதலின் அதனோடு நிற்கின்றேன்.

சீர்செய்யும் முறையும் இதே கருத்தையே வலியுறுத்துகின்றது. பள்ளத்தைக் கண்டவுடன் அதில் மண்ணையோ குப்பையையோ கொட்டி நிரப்புவோர் பலர். முதல் பெருமழையில் அது அடித்துச் செல்லப்படும். வேலையை மேலிருந்து தொடங்கவேண்டும். தலைக்கு வரும் நீரைச் சமமட்ட வரப்புகளாலும் கான்களாலும் பரவலாக்கி, பாதுகாப்பான வேறு வழியில் இறக்கிவிட வேண்டும். அதன்பிறகே பள்ளத்தினுள் தடுப்பணைகள். மரக்கிளை, கல், கம்பிவலையில் கட்டிய கற்பெட்டி எதனாலும் அவற்றை அமைக்கலாம். கீழ்த்தடுப்பின் உச்சிமட்டமும் அதற்கு மேலுள்ள தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருக்குமாறு படிப்படியாக வைக்க வேண்டும். தடுப்பின் நடுப்பகுதி தாழ்ந்தும், இரு தோள்களும் கரையினுள் நன்கு புதைந்தும் இருத்தல் வேண்டும். இல்லையேல் நீர் தோளைச் சுற்றிக்கொண்டு புதிய பள்ளம் வெட்டும். ஒரே ஒரு பெரிய தடுப்பைக் கட்டிப் பெயர்ப்பலகை நடுவதைவிட, பத்துச் சிறு தடுப்புகள் கட்டுவது மேல். சிறியவற்றுக்குத் திறப்புவிழா நடத்த எவரும் முன்வருவதில்லை என்பது வேறு செய்தி.

சட்டம் இல்லாமலும் இல்லை. இலங்கையில் காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மலையகத்துக் காடுகள் திறக்கப்பட்டு மேல்மண் போனபின், 1951இல் மண்காப்புச் சட்டம் வந்தது. மலாயாவில் நிலக்காப்புச் சட்டம் 1960இல் வந்தது. மலைநிலம் என அறிவிக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றிக் குறுகியகாலப் பயிர் செய்தலை அது தடுக்கின்றது. தமிழ்நாட்டில் நீலகிரிச் சரிவுகளில் உருளைக்கிழங்குப் பாத்திகளால் மண் இறங்குவதைக் கண்டு, 1954இல் உதகமண்டலத்தில் மண்காப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் அமைக்கப்பட்டது; படித்தள வேளாண்மையும் பரப்பப்பட்டது.

இவற்றை எல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு வலிய தடை நிற்கின்றது. அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. அரை ஏக்கர்ச் சரிவில் காய்கறி பயிரிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் உழவன், ‘படித்தளம் வெட்டப் பணம் இல்லை, ஒரு போகம் நிலத்தை ஓய்வாக விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது’ என்றால், அவனுக்கு அறம் உரைப்பது எளிது, பயனில்லை. அவன் காக்கும் ஒவ்வொரு கூடை மண்ணும், கீழே அணை வைத்திருப்போருக்கும், குடிநீர் எடுப்போருக்கும், வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்வோருக்கும் ஆதாயம். ஆதாயம் பெறுவோர் செலவில் பங்கு தராமல், மேலே இருப்பவன் மட்டும் தியாகம் செய்யவேண்டும் என்பது அறத்தின் பெயரால் நடக்கும் அநீதி. எனவே மேலே நிற்பவனுக்குக் கடமை மிகுதி என்று நான் மேலே சொன்னதைச் சற்றுத் திருத்திக் கூறுகின்றேன்: இடத்தால் மேலே நிற்பவன் வேறு, ஆற்றலால் மேலே நிற்பவன் வேறு. கேமரன் மலையின் சிறு உழவன் இடத்தால் மேலே. மின்சாரத்தையும் மலிவுக் காய்கறியையும் நுகரும் நகரத்தான் ஆற்றலால் மேலே.

செலவு குறைந்த வழி ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லலாம். சமமட்டக் கோட்டில் நெருக்கமாக நட்டால் உயிருள்ள வேலியாய் நின்று மண்ணைப் பிடிக்கும் ஒரு புல்லை 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் பல நாடுகளுக்கும் பரிந்துரைத்தனர். மலேசியாவில் இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திலும் 1990ஆம் ஆண்டையொட்டி அதனை நட்டு ஆராய்ந்தனர். பக்கவாட்டில் பரவாமல் பல அடி ஆழத்துக்கு நேராக இறங்கும் வேர் அதன் சிறப்பு. உலகம் அதனை ‘வெட்டிவேர்’ என்னும் நம் சொல்லாலேயே அழைக்கின்றது. நாமோ மணத்துக்காக அதனை வேரோடு வெட்டியெடுத்து, விசிறியும் தட்டியும் செய்தோம். பெயரே அதைத்தான் சொல்கின்றது. எங்கள் மாணவர்கள் அளந்த பள்ளத்தின் தலைக்குமேல் அதனை நட எண்ணியுள்ளனர். நடவேண்டிய வரி வேலிக்கு அப்பால், பிறர் நிலத்தில் விழுகின்றது. இசைவு கேட்டு எழுதவேண்டிய கடிதத்தை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கின்றனர். யாருக்கு முகவரியிடுவது என்பதில் அவர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கின்றது.